பேப்பரில் இல்லாத யானை

யூலை 14, திங்கள்

கச்சான் காற்று. காலையிலிருந்து புழுதி. தலைமயிர், தலையணை, சோற்றுக் கோப்பை எல்லாவற்றிலும் மண். ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கொழும்பு லைன் இரண்டு தடவை அறுந்தது. நான்தான் கத்தரிக்கோலால் வெட்டினேன் என்பதுபோல் ஒரு கனவான் கத்தினார்.

மாலை, லிங்கநகர் வாசிகசாலைப் பின் அறையில் முதியோர் வகுப்பு. என்னோடு படிப்பிக்கும் சலீம் பலகையில் எழுதினார்: கடலில் மீன் உண்டு. மற்றவர்கள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க, பூரணம் அக்கா முழு வரியையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். விடிய எழும்பி இடியப்பம் அவித்து வீடு வீடாக விற்கிறவர். தைப்பொங்கலுக்குப் பிறகுதான் அ, ஆ தொடங்கினார்.

"உண்மையா வாசிச்சனானோ ரீச்சர்? இல்லாட்டி நினைச்சுச் சொன்னனானோ?"

சலீம் மீனை அழித்து மான் என்று எழுதினார்.

"கடலில் மான் உண்டு. இதென்ன விசர்க் கதை தம்பி?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. சந்தேகமே இல்லை, வாசிக்கிறார். வீடு வரும்வரை எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

யூலை 16, புதன்

பாண் கிடைக்கவில்லை. பேக்கரிக் கியூவில் நின்று வெறுங்கையோடு திரும்பினேன். பூ. அக்காவின் இடியப்பம் காப்பாற்றியது.

றஹ்மத்தும்மா நேற்று வகுப்புக்கு வராத காரணம் இன்று தெரிந்தது. குறிஞ்சாக்கேணிக்காரி, இப்போது டவுனில் மகள் வீட்டில் இருக்கிறா. குச்சவெளியில் மகனைப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறா. பஸ் பலகையில் 'கு' கண்டதும் ஏறிவிட்டா. அது குருநாகல் பஸ். தம்பலகாமச் சந்தி வந்த பிறகுதான் கடல் எங்கே என்று தேடினாவாம்.

"முதல் எழுத்துச் சரியாத்தானே வாசிச்சன் ரீச்சர்? அடுத்ததையும் வாசிக்க முந்தி கொண்டக்டர் இழுத்து ஏத்திப்போட்டான்."

அழவில்லை, வெட்கப்படவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன் வரிசை வாங்கில் இருந்தா. இன்று 'ரு' படித்தா.

ஓகஸ்ட் 2 விழா வைப்பது என்று முடிவு. படித்தவர்களைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்க வேண்டும். யார் வாசிப்பது? சலீம் சொன்ன ஆள் பூ. அக்காவின் கணவர் செல்லத்துரை அண்ணை. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் படகில் வேலை. இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடையில் தினமும் பேப்பரை உரக்க வாசிப்பவர். நல்ல குரல். எல்லோருக்கும் சம்மதம்.

பூ. அக்காவுக்கு முகம் பூரித்துவிட்டது. "ஞாயிற்றுக்கிழமையில எனக்கும் முழுப் பேப்பர் வாசிச்சுக் காட்டுறவர். அவர் வாசிக்கிறதைக் கேட்டுத்தான் எனக்கும் ஆசை வந்தது."

யூலை 17, வியாழன்

வேலை முடிந்து சலீமுடன் தே. கடைக்குப் போனேன். நான் வாசலில் நின்றேன். உள்ளே செ. அண்ணை, விரித்த பேப்பர், சுற்றிவரப் படகுக்காரர்.

"கண்டியில ஒரு யானை நீதிமன்றத்துக்குள்ள பூந்து, நீதவான்ர கதிரையில இருக்கப் பார்த்ததாம். கதிரை முறிஞ்சு போச்சுதாம்."

"யானையைப் பிடிச்சு மறியலில போட்டவங்களோ?"

"எங்க போடுறது? கதவுக்குள்ள போகாதே. பாகன் பிணை நிண்டு கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்."

கடைக்காரருக்குச் சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. எனக்கும் வயிறு நொந்தது. சலீம் விழா விஷயத்தைச் சொன்னார். பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"நானோ? மேடையிலயோ?"

"பேர்களை வாசிச்சாப் போதும் அண்ணை."

"ஓம், ஓம். அதுக்கென்ன."

வாய் சொன்னதை முகம் சொல்லவில்லை. சபைக் கூச்சம் என்று நினைத்தேன்.

மறந்துவிட்ட குடையை எடுக்க எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பினேன்; மேசையில் கிடந்ததும் அதே பேப்பர்தான். இரவுச் சிப்டுக்காரிக்கும் காட்டிச் சிரிக்கலாமென்று யானையைத் தேடினேன். எந்தப் பக்கத்திலும் யானை இல்லை.

யூலை 20, ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு முடியவில்லை, வாசலில் பூரணம் அக்கா. கண் சிவந்திருந்தது. உட்காரவும் இல்லை.

"ரீச்சர், எனக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டியளோ?"

திகைத்துப்போனேன். பிறகு விஷயம் வந்தது. காலையில் செ. அண்ணை வழமைபோல் பேப்பர் வாசித்திருக்கிறார். அக்கா தேங்காய் துருவிக்கொண்டே தற்செயலாக அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"பெரிய எழுத்தில 'மழை' எண்டு கிடக்கு. அவர் 'கலியாணம்' எண்டு வாசிக்கிறார். நான்தான் பிழை எண்டு நினைச்சன். பிறகு 'மீன்' எண்டு கிடக்கு. அவர் கலியாண வீட்டுச் சாப்பாடு சொல்லுறார்."

சொல்லச் சொல்ல அழுகை. நடுவில் சிரிப்பு. மறுபடியும் அழுகை.

"அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது ரீச்சர். கலியாணம் கட்டின புதுசில 'நீங்கள் படிச்சனீங்களோ' எண்டு கேட்டனான். ஓம் எண்டு சொல்லிப்போட்டார். அந்த ஒரு ஓமுக்காக இவ்வளவு காலமும் பேப்பரைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறார் மனிசன்."

"கோபமோ அக்கா?"

"கோபந்தான். ஏமாத்திப்போட்டார் தானே? ஆனா அந்தக் கதையெல்லாம் எங்கயிருந்து எடுத்தவர்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னதை அடுத்த ஞாயிறு சொன்னதில்லை."

பிறகுதான் உண்மையான பயம் வெளியே வந்தது. ஓகஸ்ட் 2. மேடை. ஊர் முழுக்க முன்னால் இருக்கும். வேறு ஆளைப் போடலாம் என்றேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். மாற்றினால் தான்தான் காட்டிக்கொடுத்தது என்று அவருக்கு விளங்கிவிடுமாம். தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியவே கூடாதாம்.

வாக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ என்று பின்னேரம் முழுக்க யோசனை. உடுப்புத் தோய்க்கவில்லை.

யூலை 22, செவ்வாய்

வகுப்பு முடிந்ததும் சலீம் அவசரமாகச் சைக்கிளை எடுத்தார்.

"புதுசா ஒரு மாணவர் ரீச்சர். என்ர அறைக்கு வாறவர். பேர் கேக்காதேங்க, சொல்ல ஏலாது."

"எந்த வயசு?"

"என்ர வாப்பாவின்ர வயசு. தன்ர சிநேகிதன் ஒருத்தனுக்கு எழுத்துத் தெரியாதாம். அவனுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் தான் முதலில படிக்கிறாராம். ரெண்டாந் திகதிக்கு முந்தி முடிக்க வேணுமாம்."

ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவரும் செ. அண்ணைக்கு வாக்குக் கொடுத்தவர். நானும் அக்காவுக்கு வாக்குக் கொடுத்தவள். சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் எடுத்தது.

அப்பாடா.

யூலை 26, சனி

மேசை விரிப்பு, வாழைமரம், மாவிலை, லைட்: எல்லாம் ஆள் பிடித்தாயிற்று. ஒலிபெருக்கி இன்னும் இல்லை.

பூ. அக்கா இடியப்பப் பெட்டியோடு வந்தார். முகத்தில் கள்ளச் சிரிப்பு.

"இவர் இப்ப தினமும் ஓவர்டைமாம். சட்டைக் கையில பலகையில எழுதுற சோக்குத் தூள். கப்பலில சோக்கும் வருதோ ரீச்சர்?"

"நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"ஏன் கேப்பான்? வந்த உடன சுடச்சுடச் சோறு போடுறன். பாவம், களைச்சுப்போய் வாறார்."

போகும்போது தயங்கி நின்றார். பெயர்களில் தன்னுடையதைப் பூரணலட்சுமி என்று எழுத வேண்டாம், வெறும் பூரணம் போதும் என்றார். காரணம் சொல்லவில்லை. அந்த 'ட்சு' அவருக்கே ஒரு மாதம் எடுத்தது.

சலீமிடம் சொன்னேன். பெயர்களையெல்லாம் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுதித் தந்தார்.

ஓகஸ்ட் 1, வெள்ளி

காற்று குறையவில்லை. வாழைமரம் ஒன்று விழுந்தது. ஒலிபெருக்கி கிடைத்தது, ஆனால் இரைகிறது.

செ. அண்ணையை வழியில் கண்டேன். சவரம் செய்யவில்லை. தனக்குக் காய்ச்சல் வரும்போல் இருக்கிறதாம். தொட்டுப் பார்க்கச் சொன்னார். குளிர்ந்துதான் இருந்தது. "நாளைக்குச் சுகமாயிடும் அண்ணை" என்றேன். "அதுதான் எனக்கும் பயம்" என்றார்.

ஓகஸ்ட் 2, சனி

எழுத வேண்டியது நிறைய. கை ஓடவில்லை, சந்தோஷம்.

வாசிகசாலை முற்றம் நிறைந்துவிட்டது. றஹ்மத்தும்மாவின் மகன் குச்சவெளியிலிருந்து குடும்பத்தோடு வந்தான். தே. கடைப் படகுக்காரர் முன் வரிசையில். செ. அண்ணை வெள்ளை வேட்டி, திருநீறு, கையில் தாள். பூ. அக்கா மற்றவர்களோடு பக்கத்து வாங்கில், நிலத்தைப் பார்த்தபடி.

தொடங்கினார். "க... ந்தையா." கந்தையா ஐயா எழுந்து போனார். கைதட்டல். "செ... ல்லம்மா." செல்லம்மா போனார். குரல் பெரிதுதான், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் நீளமான மூச்சு. பேப்பரை ஆறுபோல் வாசிக்கும் மனிதர் ஏன் இப்படி என்று படகுக்காரர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "பூ... ர... ணம்." அக்கா எழுந்த விதம்! கல்யாணப் பெண்போல் நடந்து போனார்.

அடுத்தது றஹ்மத்தும்மா. 'ஹ்' இல் அண்ணை நின்றுவிட்டார். ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும். நான் என் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். சலீம் எழும்பப் போனார். அதற்குள் செ. அண்ணை தாளை மடித்தார்.

"சபையோர் மன்னிக்க வேணும். இந்த எழுத்து எனக்கு இன்னும் படிப்பிக்கேல்லை. நான் படிக்கத் தொடங்கி ரெண்டு கிழமைதான்."

முன் வரிசையிலிருந்து தே. கடைக்காரர்:

"அப்ப அந்த யானை?"

"அது என்ர யானை."

பிறகு முற்றமே குலுங்கியது. ஏளனச் சிரிப்பு அல்ல. அதைக் கேட்டால் தெரியும். ஆனால் அவர் சிரிக்கவில்லை. பூ. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார், தீர்ப்புக்கு நிற்பவர்போல்.

அக்கா மேடையிலேயே இருந்தவர், கிட்டப் போனார். ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது.

"எனக்குத் தெரியும்."

"எப்ப தொட்டு?"

"மழை கலியாணமான நாள் தொட்டு. தாளைத் தாங்கோ."

இரண்டு பேரும் சேர்ந்து தாளைப் பிடித்தார்கள். அவருக்குத் தெரிந்ததை அவர் வாசித்தார். தெரியாததை அக்கா வாசித்தார். "றஹ்மத்தும்மா" என்று அக்கா அழைக்க, "அது நான்தான், நான்தான்!" என்று அவ எழும்பிய வேகத்தில் வாங்கு கவிழ்ந்தது.

கடைசியில் எங்களையும் மேடைக்கு இழுத்தார்கள். எனக்கும் சலீமுக்கும் மாலை. றஹ்மத்தும்மா கிண்டிய தொதல். இந்தத் தட்டுப்பாட்டில் சீனி எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கந்தையா ஐயா நன்றியுரையை எழுதியே வாசித்தார். மூன்று வரி. நான் அழுதுவிட்டேன், சலீமோ தன் கண்ணில் மண் விழுந்தது என்றார்.

ஓகஸ்ட் 4, திங்கள்

காற்று. தலையிடி. கொழும்பு லைன் சுகம்.

பூ. அக்காவிடம் கேட்டேன், வீட்டில் என்ன நிலைமை என்று. நேற்று ஞாயிறு அக்காதான் பேப்பர் வாசித்தாராம். செ. அண்ணை தேங்காய் துருவினாராம். "உண்மையான பேப்பர் அவ்வளவு நல்லாயில்லை ரீச்சர்" என்றார்.

மாலை வகுப்புக்குப் போனால் வாசலில் செ. அண்ணை, கொப்பியோடு. பின்னால் தே. கடைப் படகுக்காரர் மூன்று பேர். ஒருவர், தான் துணைக்கு வந்தவர், அவ்வளவுதான் என்றார். மற்றவர், தனக்கு எழுத்துத் தெரியும், கண்ணாடிதான் இல்லை என்றார். மூன்றாமவர் பேசாமல் உள்ளே போய் இருந்துவிட்டார்.

வாங்கு போதவில்லை. செ. அண்ணையைப் பூ. அக்காவுக்கு நேர் பின்னால் இருக்க விட்டோம். சலீம் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா கையைத் தூக்கினார்.

"ரீச்சர், இந்த மனிசனை இடம் மாத்துங்கோ. என்ரயைப் பார்த்து எழுதுறார்."