உப்புப் பொட்டலத்தில் என் முகம்

வைகாசி 12, வியாழன் ராத்திரி.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் மைக்கைத் தொட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. இன்றைக்கு நடந்ததைச் சொல்லிவைக்காமல் தூக்கம் வராது.

மத்தியானம் உப்பளத்தில் இருந்தபோது ராணி கூப்பிட்டாள். என் மகள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு சென்னைக்குப் போனவள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. நான் நம்பரை மாற்றவில்லை. அவளும் மறக்கவில்லை.

புதுவீட்டுக்குக் குடிபோகிறார்களாம். முதலில் உப்பும் மஞ்சளும்தானே வீட்டுக்குள் போகும்? நம்ம ஊர் மரக்காணம் உப்பு என்று பார்த்து வாங்கியிருக்கிறாள். பொட்டலத்தில் எறும்பு மொய்த்ததுபோல ஒரு கட்டம் இருக்கும். அதைப் போனில் ஸ்கேன் செய்தால் நான் உப்பு வாரும் வீடியோ வரும். முதலாளி எடுத்துப் போட்டது.

"ஏம்பா, அதுலகூட முறைக்கிறியே. இத்தனை வருஷம் முறைச்சது போதாதா?" என்றாள்.

"வெயில் கண்ல அடிச்சுதும்மா."

சிரித்தாள். அப்புறம், "ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுறோம். வர்றியாப்பா?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்றேன். அவரை அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

போனை அவரிடமே கொடுத்துவிட்டாள் போல. பிறகு ஒரு ஆண் குரல், "மாமா, சனிக்கிழமையே வந்துடுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வர்றேன்" என்றது.

பக்கத்து ஊர் அனுமந்தையில் நல்ல கருவாடு கிடைக்கும். பால் காய்ச்சும் வீட்டுக்குக் கருவாடு எடுத்துப் போகலாமா, தெரியவில்லை. காலையில் ராணியையே கேட்கலாம். இனிமேல் கேட்கலாம்தானே.