வாத்துத் துணி கட்டிய கம்புகள்

ஜனவரி 9

ஐந்தாம் அறை ஹீட்டர் மறுபடியும் படுத்துவிட்டது. அதில் தங்கியிருந்த புருஷனும் பெண்டாட்டியும் காலையில் கோட்டைக் கழற்றாமலே பேன்கேக் சாப்பிட்டார்கள். நல்லவர்கள், திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

தம்பி ஆர்லன் விடிவதற்கு முன் வந்து, நின்றபடியே காபி குடித்துவிட்டு மலைக்குப் போனான். உட்கார்ந்து குடிடா என்றால், உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்கிறான். கணவாய்ச் சாலையில் பனியை வாரி வீசுகிற பெரிய வண்டி அவனுடையது. அவன் வழி திறந்தால் மலைமேல் இருக்கிற தேசியப் பூங்காவுக்கு ஆட்கள் வருவார்கள். அவர்கள் வந்தால்தான் என் மோட்டலில் விளக்கு எரியும்.

மத்தியானம் ப்ரூயட் வந்தார். பனிஸ்கூட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மனுஷன், சாலையைத் திறந்து வைக்கச் சொல்லும் குழுவுக்குத் தலைவர் ஆனதிலிருந்து நடையே மாறிவிட்டது. பிப்ரவரி கடைசியில் பூங்காக்காரர்கள் ஊர்க்கூட்டம் போடுகிறார்களாம். குளிர்காலத்தில் கணவாயைத் திறந்து வைக்கிற செலவு கட்டுபடியாகவில்லை, அடுத்த வருடத்திலிருந்து மூடலாமா என்று கேட்பார்களாம். ஆளுக்கு மூன்று நிமிடம். நான் பேசியே ஆக வேண்டுமாம்.

"நான் பேசினா கணக்கு கேப்பாங்க லோர்னா. நீ பேசினா கண்ணத் தொடச்சுக்குவாங்க" என்றார்.

என்ன பேசுவது? கம்பு நடுவதைச் சொல்லலாம். பூங்காவில் ஆள் குறைத்தபோது, பனி மூடினாலும் சாலை ஓரத்தைக் காட்டுகிற கம்புகளை இனி நாங்களே நடுகிறோம் என்று ஊரார் ஏற்றுக்கொண்டோம். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, சூப்பும் பீருமாக ஒரு திருவிழா. ஒவ்வொரு வீடும் தன் கம்பில் தன் துணியைக் கட்டும். பனி உருகும்போது யாருடைய கம்பு அதிகம் நிற்கிறதோ அவர்களுக்கு மதுக்கடையில் ஒரு சுற்று இலவசம். என் துணி, மோட்டலின் பழைய ஜன்னல் திரை. மஞ்சளில் வாத்துப் படம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் ஜெயித்தது நான்தான். செலவில்லாமல் சாலையைக் காப்பது எப்படி என்று பூங்காக்காரர்கள் எங்களிடம் வந்து படிக்கட்டும். இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஜனவரி 14

நாள் முழுக்கப் பனி. ஆர்லன் காபிக்கு வரவில்லை.

ஜனவரி 15

ஆர்லன் விழுந்துவிட்டான். வண்டியோடு. எல்க் திருப்பத்தில்.

உயிரோடு இருக்கிறான். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். இடுப்பு எலும்பு போயிற்று, தோள்பட்டையும். கீழே பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். நான் போய் நின்றதும் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எப்படி இருக்கு?" அடப்பாவி, வண்டி ஓடைக்குள் கிடக்கிறது, இன்னும் ஒரு மரம் குறைவாக இருந்திருந்தால் நீயும் அங்கேதான் கிடந்திருப்பாய்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். இடுப்பா தலைப்பாகை?

எனக்குப் புரியாதது ஒன்றுதான். இருபது குளிர்காலமாக அந்தத் திருப்பத்தில் ஓட்டுகிறவன். எப்படி?

ஜனவரி 18

தூங்கிவிட்டான் என்கிறார்கள். பூங்கா அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஓட்டுநரின் கவனக்குறைவாக இருக்கலாம்" என்கிறார்கள். ஊரில் அதைவிட மோசம். மளிகைக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவன் குடியை விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது, இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பேசுகிறார்கள்.

ப்ரூயட்டிடம் போய், குழுவின் பெயரால் நாலு வார்த்தை ஆதரவாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். டிரைவர் மேலே தப்பு என்று போவதுதான் நமக்கு நல்லது என்றார்.

"டிரைவர மாத்திக்கலாம் லோர்னா. ரோட்ட மாத்த முடியுமா?"

அவர் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். ஏன் குடித்தேன்?

ஜனவரி 22

வேறு வண்டி கொண்டுவந்து சாலையைத் திறந்துவிட்டார்கள். ப்ரூயட்டின் பிக்கப்பில் நானும் போனேன். எங்கே விழுந்தான் என்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது.

பார்த்தேன். இனி வராது.

எல்க் திருப்பத்தில் சாலையை ஒட்டி வெளிப்பக்கம் ஒரு சரளைத் திட்டு உண்டு. கோடையில் எல்லோரும் அங்கேதான் வண்டியை நிறுத்தி எல்க் மான் கூட்டம் பார்ப்போம். நிறுத்தி நிறுத்தி அது சாலையோடு சாலையாகிவிட்டது. அந்தத் திட்டின் நடுவில் நிற்பதாக யாருமே நினைப்பதில்லை, சாலையில் நிற்பதாகத்தான் நினைப்போம். பனி மூடினால் எது தார், எது சரளை என்று கடவுளுக்குத்தான் தெரியும். கடவுளுக்கும் கம்புக்கும்.

கம்புகள் வரிசையாக நின்றன, நூல் பிடித்தாற்போல. தாரின் ஓரத்தில் இல்லை, சரளையின் ஓரத்தில். அதற்கு அப்பால் வெறும் பனிவிளிம்பு. இரண்டு கம்பு நின்றது. மூன்றாவது இருந்த இடத்தில்தான் வண்டி போன பள்ளம்.

இரண்டிலும் மஞ்சள் துணி. வாத்து.

அக்டோபரில் என் பிக்கப்பை அந்த விளிம்பில் நிறுத்தினேன். பின்பக்கத் தொட்டியிலிருந்து எடுத்து எடுத்து நட்டேன். கம்பு சாயாமல் நிற்கிறதா என்று மட்டுந்தான் பார்த்தேன்.

ப்ரூயட் என்னைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். இறங்கிப் போய் இரண்டு துணியையும் அவிழ்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "காத்துல போயிடுச்சுன்னு வெச்சுக்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 24

கம்பு நட்ட அன்றைக்கு ஆர்லன் என் பிக்கப்பின் பின்கதவில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். "போதும்க்கா, நேரா இருக்கு" என்றான். சொன்னானா? சொன்ன மாதிரிதான் இருக்கிறது. இல்லை, பழியை அவன் தலையிலும் கொஞ்சம் போடலாம் என்று இப்போது நானே கதை கட்டுகிறேனா?

பிப்ரவரி 3

ஆர்லனை வீட்டுக்கு அழைத்துவந்து மோட்டலின் முதல் அறையில் படுக்க வைத்திருக்கிறேன். சூப் கொடுக்கும்போது, நீ விழுந்தது என் கம்பால், தெரியுமா என்று கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"தெரியும்க்கா. வாத்தப் பாத்துக்கிட்டேதான் போனேன். வெளிய ஒண்ணும் தெரியல, எல்லாம் வெள்ளை. வண்டி ரோட்ட விட்டுக் கொஞ்சம் வெலகுற மாதிரி இருந்துச்சு. எங்கக்கா கம்பாச்சே, தப்பா இருக்காதுன்னு போனேன்."

அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கல, ஊரே உன்னக் குடிகாரன்னு சொல்லுதே என்று கேட்டேன்.

"ஊர்க்காரங்க நட்ட கம்பாலதான் விழுந்தான்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் கணவாய மூடிருவாங்க. உனக்கு இந்த மோட்டல விட்டா வேற என்னக்கா இருக்கு?"

அக்டோபரில் நேராக இருக்கிறது என்று நீ சொன்னாயா என்று கேட்டேன். ஆமாம், நான்தான் சொன்னேன் என்றான், உடனே. கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பிப்ரவரி 12

போனில் சொல்லிவிட்டார்கள். விசாரணை முடிகிற வரை வேலை இல்லை. முடிந்த பிறகு பெரிய வண்டி எதையும் ஓட்ட விடமாட்டார்கள் போலிருக்கிறது. "நல்லதாப் போச்சு, இனிமே உக்காந்து காபி குடிக்கலாம்" என்று சிரிக்கிறான்.

அறைகள் நிறைந்திருக்கின்றன. சாலை திறந்திருக்கிறதல்லவா. காலையில் நிற்க நேரமில்லை.

பிப்ரவரி 21

மூன்று நிமிடப் பேச்சை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

கணவாயைக் கடக்கிற ஒவ்வொரு காருக்கும் ஆகிற செலவு என் மோட்டலில் ஒரு ராத்திரி வாடகையைவிட அதிகம் என்று பூங்காக் கண்காணிப்பாளர் விட்கோம்ப் அம்மாள் போன வருடம் சொன்னார். அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கம்பை நாங்கள் நட்டதும் அந்தச் செலவில் கொஞ்சம் குறைந்தது என்று பெருமையடித்துக்கொண்டேன். குறைந்ததா? குறைந்தது எங்கே போயிற்று? முதல் அறையில் படுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போக என்னைக் கூப்பிடுகிறது.

சொன்னால் சாலை போகும், மோட்டல் போகும். ப்ரூயட்டின் கடை போகும், மதுக்கடை போகும், இதெல்லாம் யார் கேட்டார்கள் என்று ஊரே என்னைக் கேட்கும். சொல்லாவிட்டால் அவன் பெயர் போகும். அவன் பெயரை அவனே கொடுக்கிறேன் என்கிறான். கொடுக்கிறதை வாங்கிக்கொள்வது தப்பா? நான் அவன் அக்கா தானே?

ஒன்றும் புரியவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

பிப்ரவரி 27

கூட்டம். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மைக். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் திறந்து வை என்றார்கள். ப்ரூயட் கண் காட்டினார். எழுந்து போகும்போதுகூட என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. இது சத்தியம். கோட்டுப் பையில் திரையின் மீதித் துணி இருந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்றும் தெரியாது.

அதை மேசையில் வைத்தேன். எல்க் திருப்பத்தில் இந்தத் துணி கட்டிய கம்புகள் என்னுடையவை, தாரின் ஓரம் என்று நினைத்துச் சரளையின் ஓரத்தில் நட்டேன், என் தம்பி தூங்கவில்லை, குடிக்கவில்லை, கம்பு காட்டிய வழியில் போனான் என்றேன். அவ்வளவுதான். மூன்று நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை.

விட்கோம்ப் அம்மாள் மெதுவாகக் கேட்டார். "இதச் சொன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா, மிஸஸ் ஹாகன்?"

"தெரியலம்மா" என்றேன்.

பிப்ரவரி 28

ஆர்லன் என்னோடு பேசவில்லை. "உன்ன யாரு சொல்லச் சொன்னா?" என்றதோடு சரி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். கோபம் யாருக்கு யார் மேல் வர வேண்டும்?

மார்ச் 6

கடையில் பேச்சு இப்போதும் நிற்கிறது. வேறு பேச்சு.

ஏப்ரல் 19

முடிவு சொல்லிவிட்டார்கள். வருகிற குளிர்காலத்திலிருந்து கணவாய்ச் சாலைக்குக் கீழ்வாசலிலேயே பூட்டு. ஆர்லன் மேல் தவறில்லை என்று ஆயிற்று. இடுப்பு தேறினால் கோடை வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம். ப்ரூயட் என் பக்கம் திரும்பாமல் தெருவைக் கடந்தார். நான் செய்தது சரியா என்று கேட்க எனக்கு ஆளே இல்லை. ஆர்லனிடம் கேட்கலாம். ஆனால் அவன் சொந்த வீட்டுக்குப் போய்விட்டான். காபிக்கும் வருவதில்லை.

பனி உருகி எல்க் திருப்பத்தில் சரளை தெரிகிறதாம். நான் பார்க்கப் போகவில்லை.

அக்டோபர் 18

கம்பு நடுகிற சனிக்கிழமை. இந்த வருடம் யாரும் நடவில்லை. நவம்பரிலிருந்து மோட்டலைப் பூட்டிவிட்டுப் பள்ளத்தாக்குப் பள்ளியின் சமையலறைக்குப் போகிறேன். தினமும் இங்கிருந்துதான் போய்வர வேண்டும். வாசல் பாதைப் பனியை இனி நானேதான் தள்ள வேண்டும்.

பழக்க தோஷம், சூப் வைத்தேன். யாருக்கு என்று தெரியாமல்.

மத்தியானம் ஆர்லன் வந்தான். இன்னும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறான். பிக்கப்பில் கம்புகள். ஒவ்வொன்றாக இறக்கினான். சூப் குடிடா என்றேன். வேலை முடியட்டும் என்றான்.

"நீ தார் முடியிற எடத்துல நில்லுக்கா. உன் காலப் பாத்து நடறேன்."

சருகைக் காலால் ஒதுக்கித் தாரின் விளிம்பைத் தடவிப் பார்த்து நின்றேன். கால் பக்கத்தில் ஒரு கம்பு நட்டான். நான் நகர்ந்தேன், அவன் நட்டான். இப்படியே வாசலிலிருந்து சாலை வரை. கடைசிக் கம்பில், பையிலிருந்து ஒரு துணி எடுத்துக் கட்டினான். மஞ்சள், வாத்து, பாதி கிழிந்தது. வண்டியோடு ஓடைக்குப் போன மூன்றாவது கம்பினுடையது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தான் என்று நான் கேட்கவில்லை.

"சரியா இருக்காடா?" என்றேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பனி விழட்டும், சொல்றேன்" என்றான்.

அப்புறம் உள்ளே வந்து, உட்கார்ந்து சூப் குடித்தான்.