டீசல் கட்சியை விட்டு விலகிவிட்டேன், தேவா

என் உயிர் மச்சான் தேவாவுக்கு,

கோபப்படாமல் கேள். நம் பழைய டீசல் ஜீப்பை ஓனர் விற்றுவிட்டார். அதற்குப் பதிலாக வந்திருப்பது டீசல் வண்டி இல்லை. தேர்ந்தெடுத்தது நான்தான்.

டீசலைத் தவிர வேறு வண்டியில் ஏறினால் என்னை மச்சான் என்றே கூப்பிடாதே என்று சிவாஜிநகர் டீக்கடையில் உன்னிடம் வீறாப்பு பேசியவன் நான். இப்போது எந்த முகத்தோடு எழுதுகிறாய் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் மனைவி ஷீலா வீட்டில் முடங்கவில்லை. உன் வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டாள். சுற்றுலா வரும் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு பாறை மலைக்குப் போகும்போது, வண்டிக்கு முன்னால் நடந்து எந்தச் சக்கரத்தை எங்கே வைப்பது என்று நீ கத்துவாயே, அதேதான். பாறையை உன்னைவிட நன்றாகவே பார்க்கிறாள். ஆனால் அவள் குரல் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. கைஜாடை காட்டினால், ஆள் குள்ளம், ஏற்றத்தில் பானெட் மறைத்துவிடுகிறது. வாக்கிடாக்கி கொடுத்தோம், அதிலும் எஞ்சின் சத்தம்தான் வந்தது.

ஒருநாள் அவள் நிற்கச் சொன்னது கேட்காமல் முன்சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டேன். யாருக்கும் அடியில்லை. ஆனாலும் ஓனர், ஷீலாவை ஆபீசில் உட்கார வைத்துவிட்டுக் கத்தத் தெரிந்த ஓர் ஆளைப் பார்க்கலாம் என்றார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை மச்சான்.

அந்தச் சமயத்தில்தான் புது வண்டிப் பேச்சு வந்தது. ஓட்டுகிறவன் நீ, நீயே சொல் என்று ஓனர் இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். ஒன்று டீசல். இன்னொன்று பிளக்-இன் ஹைப்ரிட். செல்போன் மாதிரி அதற்குச் சார்ஜ் போட வேண்டும், பேட்டரி தீர்ந்தால் பெட்ரோல் எஞ்சின் எடுத்துக்கொள்ளும்.

டீசல் ஒரு குறையும் வைக்கவில்லை. எந்த பங்க்கிலும் நிரப்பலாம், சார்ஜ் போட மறந்தோமே என்ற கவலை கிடையாது. நீ இருந்திருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஹைப்ரிட்டை ஜீவனஹள்ளியிலிருந்து அடிவாரம்வரை பெட்ரோலில் ஓட்டி, பேட்டரியை ஏற்றத்துக்கென்று மிச்சம் வைத்தேன். பேட்டரியில் ஏறத் தொடங்கினால், எஞ்சின் சத்தமே இல்லை, டயருக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம் மட்டும்தான். அப்புறம் ஷீலாவின் குரல், அடுக்களையிலிருந்து பேசுவதுபோல.

"லெஃப்ட்ல கொஞ்சம்ணா. அவ்ளோதான். மெதுவா வாங்க, நான் இருக்கேன்."

மேலே போய் வண்டியை நிறுத்தியதும் ஓனருக்குப் போன் செய்து, இந்த வண்டிதான், முன்னால் நடக்க ஷீலாதான் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். ஷீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றாள்.

சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக உன்னிடம் மறைத்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். நீ கத்தியதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழுந்ததில்லை. உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் ஓட்டினேன், கண் பெரிதானால் பிரேக். சொன்னால் உன் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன்.

ஷீலா ஆச்சரியப்படவே இல்லை.

"அது அவருக்குத் தெரியும்ணா. அப்புறம் எதுக்கு தொண்டை கட்ற வரைக்கும் கத்தறீங்கன்னு கேட்டேன். நான் கத்தறத நிறுத்தினா அவன் பயந்துடுவான்னாரு."

தெரிந்துகொண்டேவா மச்சான், அத்தனை வருஷமும்? வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து மறுபடியும் கத்தினாயே. ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். ஷீலா முன்னால் நடக்கும்வரை, அவள் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நான் தவறவிட மாட்டேன். நான் பயப்படுவேன் என்று நீ கவலைப்படாதே. இனிமேலாவது உன் தொண்டைக்கு ஓய்வு கொடு.

உன் பிள்ளைகளுக்கு மாமனாகவும்
உனக்கு என்றைக்கும் மச்சானாகவும் இருக்கும்,
அருள்