ஏழாவது இரவல்

எவலினுக்கு,

மலைக்கு, பிரிஞ்சாங் வந்து சேர்ந்துவிட்டேன். எஸ்டேட்டில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன்.

பதினோரு வருடத்தில் கிளப்பில் என்னை ஆறு கால்பந்துக் குழுக்களுக்கு இரவல் கொடுத்தார்கள். கோல்கீப்பர் என்று பேர். பாதி ஊர்களில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நீ பெட்டி கட்டினாய், நம் டிஃபனி பள்ளி மாறினாள். போன வருடம்தான், "இனிமே என்னால முடியாதுங்க" என்று அவளையும் கூட்டிக்கொண்டு ஈப்போவில் இருக்கும் உன் அம்மா வீட்டுக்குப் போனாய்.

திங்கட்கிழமை மேனேஜர் நிக்கலஸ் ஏழாவது இரவலுக்கான தாளை நீட்டினார். "கிளந்தான்ல ஒரு டீம் கேக்குது. ஆறு மாசம்தான் லா."

"வேணாம் சார். நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "இத நீ எப்பவோ சொல்லியிருக்கணும்பா" என்றார்.

மலை ஏறும் பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டேன். இறங்கியதும் குளிர் முகத்தில் அடித்தது. காரணமே இல்லாமல் சிரித்தேன்.

இங்கே பக்கத்தில் கம்போங் ராஜாவில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். டிஃபனிக்கும் அங்கே இடம் இருக்கிறதாம்.

உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை. வரும் சனிக்கிழமை நானே ஈப்போ வருகிறேன். இனி சனிக்கிழமைகளில் எனக்கு ஆட்டம் கிடையாது.

உன் வீட்டுக்காரன்