மூன்றாவது ஃபெமிலி ரூம்

நேற்றுப் பின்னேரம் நீலச் சட்டையை உடுத்தும்போது நெஞ்சுப் பையில் ஏதோ குத்தியது. விரலை விட்டுப் பார்த்தேன். உன் பின். வெள்ளை மணி ஒட்டியது, நீ ஹிஜாபுக்குக் குத்துவது. கடைசியாக நாம் நாடகம் பார்க்கப் போன அன்று உடுத்த சட்டை அது. கழுவி மடித்து அலுமாரியில் வைத்தது நீதான். பையைப் பார்க்காமல் கழுவியதும் அப்போது நீதானே? உன்மேல் பிடிப்பதற்கு ஒரு குற்றம் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

மதியத்துக்கு மேல் ஒலிபெருக்கி கட்டிய த்ரீவீலர் ஒன்று நம் உரக்கடை வாசலால் போயிருந்தது. கல்முனை மண்டபத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் நாடகம், குடும்பத்தோடு வாருங்கள் என்று கத்திக்கொண்டே நிந்தவூர் முழுக்கச் சுற்றியது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருஷத்தில் எந்த நாடகத்தின் பக்கமும் நான் தலை வைக்கவில்லை. நேற்று என்ன நினைத்தேனோ, கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மகள் வாசலில் மறித்தாள்.

"தனியவா போப்போறீங்க வாப்பா? அவர் வந்த ஒடனே நானும் வாறனே."

"வேணா மகள். முடிஞ்ச கையோட வந்திருவன்."

"அப்ப சாப்பிட்டுட்டுப் போங்க."

"இல்ல. அங்க சாப்பிடுவன்."

அவள் வாசலை விட்டு விலகினாள். நாடகம் என்றால் முதலில் கடைச் சாப்பாடு என்பது அவளுக்கும் தெரிந்ததுதான்.

நாடகத்துக்குப் போகிற நாளில் நமக்குள் சண்டை வருவது நாடகத்தால் அல்ல, சாப்பாட்டுக் கடையால். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கிய டீச்சர் நீ. எங்கே மேடை கட்டினாலும் உனக்குப் போக வேண்டும். உரம் விற்கிற எனக்கு அதில் இருந்த ஆசையெல்லாம் போகிற வழியில் கிடைக்கும் கொத்துரொட்டிதான். அதையும் நீ லேசில் தரமாட்டாய். பைக்கை மெதுவாக ஓட்டச் சொல்லி, கல்முனைப் பெரிய வீதியை ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை பார்த்துக்கொண்டே வருவாய். தீர்ப்புகள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்.

"இது வேணா மச்சான். திரை முழங்காலோட நிக்கிது."

"இஞ்ச கெஷியர் ரோட்ட விட்டுட்டு உள்ளுக்கதான் பாத்துக்கிட்டு இரிக்காரு."

"அங்க கை கழுவ வெளிய வரணும். போன முறை பட்டது மறந்திட்டா?"

கறி எப்படி, சோறு எப்படி என்று ஒரு நாளும் நீ கேட்டதில்லை. பெண்களோடு வருகிறவர்களுக்குத் திரை போட்டு ஒதுக்கும் ஃபெமிலி ரூம் எப்படி என்பது மட்டும்தான் உன் கணக்கு. "பசி ருசி அறியாது புள்ள, எங்கயாச்சும் நிப்பாட்டுவம்" என்று நான் கெஞ்சுவேன். "ஓம், நித்திரை சுகம் அறியாது. அதயும் சேர்த்துச் சொல்லுங்க" என்பாய். அந்தக் குத்து எனக்கு என்பது எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படித் தட்டித் தட்டிக் கடைசியில் நாம் பிடித்ததுதான் அந்த மாடிக் கடை. படியேறினால் முன்னுக்கு ஆம்பிளைகள் இருக்கும் பெரிய ஹோல். பின்னுக்குப் பலகை அடித்துப் பிரித்த மூன்று அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, எதிரெதிரே உட்கார இரண்டு வாங்கு, கதவுக்குப் பதிலாக இரண்டு பாதித் திரை. மூன்றாவது அறையில் ஜன்னல் இருந்தது. அதில் ஒரு குறையும் இருந்தது. ஃபேன் காற்றுக்குத் திரை பிரிந்து பிரிந்து பறக்கும். வேறு யாரும் என்றால் இடம் மாறியிருப்பார்கள். நீ ஹிஜாபிலிருந்து ஒரு பின்னைக் கழற்றி, இரண்டு திரையையும் சேர்த்துக் குத்திவிட்டு, "ஆ, இப்ப சரி" என்றாய்.

அதற்குப் பிறகு நீ வேறு ஆள். ஊரே எழுந்து நின்று ஸலாம் சொல்லும் டீச்சர், செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கில் சப்பாணி கட்டி இருப்பாய். ஹிஜாபைத் தளர்த்திவிட்டுக் காற்று வாங்குவாய். பள்ளிக்கூட அதிபரைப் போலக் கதைப்பாய், அரிசி ஆலைக்காரரைப் போல இருமுவாய், கடைசியில் என்னைப் போல ஏப்பம் விடுவாய். உனக்கு இடியப்பமும் கணவாய்க் கறியும், எனக்கு மாட்டுக் கொத்து. உன் கறியில் பாதி எனக்கு வரும், என் கொத்தில் ஒரு வாய் உனக்குப் போகும். எழும்பும்போது பின்னைக் கழற்றி என் பையில் போட்டுவிடுவாய்.

நம் வீட்டில் நீ அப்படி இருந்து நான் காணவில்லை. உன் சீதன வீடு அது. கலியாணம் முடித்து நான் அங்கே வந்த நாள் தொட்டு உன் உம்மா இருந்தா, தங்கச்சிமார் இருந்தார்கள், பிறகு நம் பிள்ளைகள், பிறகு மருமகன், பேரப்பிள்ளைகள். இருக்கட்டும், அது பரக்கத்துத்தான், அல்லாஹ் தந்த நிறைவு. ஆனால் புள்ள, நாம் இரண்டு பேரும் மட்டும் இருந்த இடம் என்று இந்த உலகத்தில் எனக்குச் சொல்ல இருப்பது பலகை அடித்த அந்த அறை ஒன்றுதான். நேற்று நான் போனது நாடகம் பார்க்க அல்ல. அதற்குள் ஒருமுறை இருந்துவிட்டு வரத்தான் போனேன்.

நேரே போயிருக்கலாம். போகவில்லை. உன் முறைப்படி வீதியை ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை ஓட்டினேன். ஒவ்வொரு கடையாகப் பார்த்து, இங்கே திரை கட்டை, இங்கே டிவி சத்தம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். பின்னால் ஒருவரும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பைக் பாரமில்லாமல் ஓடுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

மாடிக் கடையில் வெயிட்டர் புது ஆள். முப்பது வயது மதிக்கலாம். படி ஏறியதும் கேட்டார்.

"ஃபெமிலியா மாமா?"

"ஓம்" என்றேன்.

வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. அந்தப் படியில் அந்தக் கேள்விக்கு என் வாய்க்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். அவர் மூன்றாவது அறையைக் காட்டி, இரண்டு பிளேட், இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். "மாமி வந்த பொறகு ஓடர் எடுக்கட்டா?" என்றார். அதற்கும் ஓம் என்றேன். திரை பறந்தது. பையிலிருந்த பின்னை எடுத்துக் குத்தினேன். ஆ, இப்ப சரி.

சரியாக இருக்கவில்லை. எதிர் வாங்கு வெறும் பலகையாகக் கிடந்தது. ஹோலில் யாரோ சிரித்தார்கள், கொத்துப் போடும் தகட்டுச் சத்தம் கேட்டது. நான் மட்டும் திரைக்குள் ஒளித்துக்கொண்டவன் போல இருந்தேன். யாரிடமிருந்து ஒளிக்க? உன்னோடு இருந்தபோது அந்தத் திரை ஊரை வெளியே நிறுத்தியது. நேற்று அது என்னைத்தான் அடைத்து வைத்தது. அழுகை வந்தது. அழுதேன், அதற்கு அந்த இடம் வசதியாகத்தான் இருந்தது.

அப்போது வெளியே ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ரூம் ஒண்டுமே இல்லியா? புள்ள பசியில அழுகுதே."

"மூண்டுலயும் ஆக்கள் இரிக்கி தங்கச்சி. கொஞ்சம் பொறுங்க."

"வெளியதான் இருப்பமே" என்றது ஆம்பிளைக் குரல்.

"வெளிய இருந்து எப்படிப் பால் குடுக்கிற?"

குழந்தை இன்னும் வேகமாக அழுதது. வெயிட்டர் என் திரைக்கு அருகில் வந்து தொண்டையைச் செருமினார்.

"மாமா, மாமி வரச் சுணங்குமா?"

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னைக் கழற்றினேன்.

"அவ வரமாட்டா மகன்."

"என்ன, சுகமில்லையா?"

"இல்ல. மவுத்தாகிட்டா."

இந்த வார்த்தையை நான் வாயால் சொன்னது நேற்றுத்தான் முதல் தடவை, தெரியுமா? ஊரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது, எல்லாரும் வந்தார்கள். முகம் தெரியாத ஒரு மனிதருக்கு, அதுவும் அறை காலியாகுமா என்று கேட்டு வந்தவருக்கு, நான் சொல்ல வேண்டி வந்தது. அவர் "இன்னா லில்லாஹி" என்றபடி கையிலிருந்த துணியை முறுக்கினார். "நீங்க இருங்க மாமா. நான் அவங்களுக்கு வேற இடம் பாக்கன்" என்றார். நல்ல மனிசன். எனக்கு அதற்கு மேல் இருக்க ஏலவில்லை. பிள்ளைக்காரி ஒருத்தியை வெளியே நிறுத்திவிட்டு நான் வெறும் வாங்கோடு உட்கார்ந்திருந்தால் நீ என்னைச் சும்மா விடுவாயா?

வெளியே வந்தேன். அந்தப் பெண்ணுக்கு நம் மகளை விடவும் சின்ன வயது. "வாங்க மகள், இது நல்ல ரூம்" என்றேன். உன் பின்னை அவளுடைய மாப்பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

"ஃபேன் காத்துக்கு இந்தத் திரை நிக்காது. இதக் குத்தி விடுங்க."

அவர் ஒன்றும் விளங்காமல் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகை நின்றது.

நான் ஹோலில் இருந்து சாப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த ஹோலில் இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொத்துச் சொல்ல மனம் வரவில்லை, இடியப்பமும் கணவாய்க் கறியும் கேட்டேன். கறியில் புளி கூடுதல், கொத்தோடு சேர்த்துத் தின்றதில் இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் நீ அதைச் சொல்லவில்லையே? எழும்பிப் போகும்போது மூன்றாவது அறையைத் திரும்பிப் பார்த்தேன். திரை அசையாமல் நின்றது. கீழே இடைவெளியில் ஒரு சோடி பெண் செருப்பு மட்டும் தெரிந்தது. கால்கள் மேலே ஏறிவிட்டிருந்தன. பின்னைத் திருப்பிக் கேட்க நினைத்துத்தான் நின்றேன். கேட்காமல் படி இறங்கினேன்.

மஃரிப் தொழுதுவிட்டு மண்டபத்துக்குப் போனேன். நேற்று நான் நாடகத்தில் உறங்கவில்லை. நம்ப மாட்டாய், சத்தியமாகச் சொல்கிறேன். நாம் போன நாடகங்களில் ஒன்றையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. கொத்து வயிற்றில் இறங்கினால் கண் தானாக மூடிவிடும். "நாடகம் பாக்க வந்தீங்களா, உறங்க வந்தீங்களா?" என்று முழங்கையால் இடிப்பாய். பிறகு பைக்கில் என் தோளில் நாடியை வைத்து, ஆளுக்கொரு குரல் போட்டு, முழுக் கதையையும் சொல்லிக்கொண்டு வருவாய். சாய்ந்தமருதில் தொடங்கி, காரைதீவு தாண்டி, வயல் காற்றுக்குள் வரும்போது உன் குரல் இன்னும் உயரும். வீடு வந்தும் கதை முடியாவிட்டால் நீ இறங்கமாட்டாய். என்னையும் இறங்க விடமாட்டாய். கேட் வாசலில் நிற்பாட்டிய பைக்கில் இருவரும் இருந்து முடிவு வரைக்கும் போவோம்.

நேற்று உறங்கினால் எனக்குக் கதை சொல்ல ஆள் இல்லை. அதனால் கண்ணை அகல விரித்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தை விட்டு வரும்போது கதை முழுதாக எனக்குள் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. காரைதீவு கழிந்து வயல் வந்ததும் வாய் விட்டே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஒரு கிழவர் புள்ள. மூன்று மகள்மார். கடன் பட்டு, வயல் விற்று, மூவருக்கும் அடுத்தடுத்து வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறார். பெண்சாதி மவுத்தாகிறா. அதற்குப் பிறகு எந்த வீட்டில் படுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாசலுக்கும் நடக்கிறார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாயைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்த நடையை நான் சொல்லிக் காட்டப் பார்த்தேன், உன்னைப் போல வரவில்லை. கிழவரும் மகள்மாரும் ஒரே குரலில்தான் கதைத்தார்கள்.

நிந்தவூர்ச் சந்தி வந்தது, நம் ஒழுங்கை வந்தது, கேட் வந்தது. கதை முடியவில்லை. பைக்கை நிற்பாட்டினேன். இறங்கவில்லை.

மகள் சத்தம் கேட்டுக் கேட்டைத் திறந்தாள்.

"என்ன வாப்பா, இறங்காம இரிக்கீங்க? ஆரோட கதைக்கிறீங்க?"

"கொஞ்சம் பொறு மகள். உம்மாக்கு இன்னும் முடிவு சொல்லல்ல."

அவள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். கிழவர் கடைசியில் மூன்று வீட்டுக்கும் பொதுவான ஒழுங்கையில் பாயை விரிக்கிறார், மூன்று மகள்மாரும் ஆளுக்கொரு தலையணையோடு ஓடி வருகிறார்கள் என்று அவளும் கேட்க உனக்குச் சொல்லி முடித்தேன். நல்ல நாடகமா, இல்லையா என்று சொல்வது உன் வேலை. அதற்காகக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகுதான் இறங்கினேன்.