உன் சீட்டின் இரண்டாம் பட்டன்

என் வித்யாவுக்கு,

அன்று பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம். மயூர் விஹார் பார்க்கிங்கில் நம் கார் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, ஏர்பேக்கில் மிச்சமிருக்கும் கரண்ட் வடியட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். மறுநாள் உன்னை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன அதே ஆஸ்பத்திரி.

நீ வருவதற்குள் ஸ்டீயரிங்கில் ஹாரன் பட்டனை மாற்றிவிட நினைத்தேன். "டெல்லில ஹாரன் இல்லாம ஓட்டுறதுக்கு நடந்தே போயிரலாம்" என்று நீதானே நச்சரித்தாய்? காரின் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதென்று அத்தனை ஜாக்கிரதை. பெரிய எஞ்சினியர். எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் பார்.

வயரை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் ஓடினேன். நாற்பது நாளாக மாட்டவில்லை. மாட்டினால் தெரிந்துவிடுமே, கரண்ட் போனதில் சீட்டின் மெமரி அழிந்ததா இல்லையா என்று. பட்டன் ஒன்றை அழுத்தினால் சீட் தானாக என் உயரத்துக்கு நகரும், இரண்டை அழுத்தினால் உன் உயரத்துக்கு.

நேற்று உன் தம்பி முரளி வந்தான். ஹரித்வாரில் உன் அஸ்தியைக் கரைக்க இந்தக் காரில்தான் போக வேண்டுமாம். நான் மாடியிலிருந்து இறங்குவதற்குள் டாக்ஸிக்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் பேட்டரியிலிருந்து கேபிள் இழுத்திருந்தான். நம் வயர் ஏன் கழன்று கிடக்கிறது என்று ஒரு நொடி யோசித்தானா? கறுப்புக் கிளிப்பை பாசிட்டிவில் மாட்டிவிட்டு, சிவப்பை அந்த வயரில் கடிக்கவைக்கப் போனான்.

"ஜல்தி முடிஞ்சிரும் அத்தான். வீடியோ பாத்துட்டுத்தான் வந்தேன்."

கையைத் தட்டிவிட்டேன். மாற்றி மாட்டினால் எல்லாம் கருகிவிடும், சீட் மெமரி உட்பட, என்றேன். சீட்டைக் கையால் தள்ளிக்கொள்ளலாமாம். மோட்டார் சீட்டை!

"உங்கக்கா உக்காந்த இடம் அதுலதாம்ல இருக்கு."

அழுதான். கிளிப்பைக் கீழே வைத்துவிட்டு அழக்கூடத் தெரியவில்லை அவனுக்கு.

இன்று காலை தனியாக இறங்கினேன். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். வயரை மாட்டி முறுக்கினேன். உள்ளே உட்கார்ந்து இரண்டை அழுத்தினேன்.

சீட் முன்னால் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது, என் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும் வரை. இவ்வளவு குட்டையா நீ?

நாளை ஹரித்வாருக்கு நானே ஓட்டுகிறேன். முரளி பின்சீட்டில், எதையும் தொடாமல். இரண்டாம் பட்டனில் வேறு யார் உயரமும் ஏறாது, இது சத்தியம். கிளம்பும்போது என் உயரத்துக்கு முதல் பட்டனை அழுத்தித்தான் ஆக வேண்டும். இன்னும் அழுத்தவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆச்சா என்று கேட்க முரளி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். போனை அணைத்துவிட்டேன்.

முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும்
உன் வீட்டுக்காரன்