காலித் தொட்டி

நாசரேத்,
ஞாயிறு மாலை

அன்புள்ள அத்தானுக்கு,

கிருபாபாய் எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே சுகம். நீங்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரி, வைக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிரைட்டன் லீவு முடிந்து நாளை நீங்கள் இருக்கிற தம்மாமுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அதே பையில் முறுக்கும் கருப்பட்டியும் இருக்கிறது. முதலில் இதைப் படியுங்கள்.

நம் ஜெப்ஸி விஷயத்தை நீங்கள் பாதிதான் கேட்டீர்கள். கடலோரப் பாதுகாப்புப் படிப்பில் அவளுக்கு இந்தப் பருவம் முழுக்க ஆமை முட்டைப் பொரிப்பகத்தில்தான் வேலை. அவளும், கூடப் படிக்கிற திரேஸ்புரத்து ஸ்டெபியும் இருட்டோடு எழுந்து கடற்கரையில் நடப்பார்கள். ஆமை முட்டையிட்ட குழியைக் கண்டால், நாய் தோண்டுமுன் முட்டைகளை எடுத்து வந்து வேலி போட்ட மணலில் புதைப்பார்கள். பொரிந்ததும் குஞ்சுகளை வெயில் ஏறுமுன் கரையில் விட்டுவிட வேண்டும். அவை தாமாகவே ஊர்ந்து கடலுக்குப் போகும். இதைச் சொல்லிக்கொடுத்ததே அவள் கல்லூரியின் துறைத் தலைவர்தான். இதே கேள்விக்குப் பரீட்சையில் ஜெப்ஸி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

குஞ்சுகள் பொரிந்த அன்றைக்கு விழாவாம். திட்டத்துக்கு உதவிய கம்பெனியின் அதிகாரி கையால்தான் குஞ்சுகளை விட வேண்டுமாம். பந்தல், பேனர், பொன்னாடை எல்லாம் தயார். குஞ்சுகளை ஒரு நீலத் தொட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். விடிந்ததும் வருவதாகச் சொன்ன மனிதர் வரவில்லை. டிபன் சாப்பிடுகிறார் என்று ஒரு போன். இப்போதுதான் இந்தப் பக்கத்துப் புதுக்கோட்டையைத் தாண்டுகிறார் என்று இன்னொரு போன். வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தொட்டியைப் பிராண்டிக்கொண்டே இருந்தனவாம். பிறகு பிராண்டுகிற சத்தமும் குறைந்துவிட்டது. நாலைந்து அசையவே இல்லை. ஜெப்ஸி போய்ச் சொன்னதற்கு, விருந்தினர் வரும்வரை தொட்டியைத் தொடாதே என்றாராம் தலைவர்.

அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஈர மணலில் சாய்த்துவிட்டாள். ஸ்டெபி காக்கைகளை விரட்டினாள். உயிரோடிருந்தவை எல்லாம் அலைக்குள் போய்விட்டன.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அதிகாரி வந்து சேர்ந்ததும் காலித் தொட்டியை அவர் கையில் கொடுத்து, கடலைப் பார்த்துச் சாய்க்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் வந்தது. அவர் சிரிக்கிறார், சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். தொட்டிக்குள் ஒன்றுமில்லை அத்தான். படித்தவர்கள்தானே, வெட்கம் என்று ஒன்று வேண்டாமா?

தண்டனை மட்டும் நம் பிள்ளைக்கு. ‘விதிமுறை தெரியாமல், அறியாமையால் செய்துவிட்டேன், மன்னிக்கவும்’ என்று எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் திட்ட மதிப்பெண் கிடையாது. அது இல்லாமல் படிப்பை முடிக்க முடியாது. ஸ்டெபியை, காக்கை விரட்டியதற்கு, எச்சரித்ததோடு விட்டுவிட்டார்களாம்.

ஜெப்ஸி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "தெரிஞ்சுதானம்மா செஞ்சேன். தெரியாமச் செஞ்சேன்னு எப்படி எழுத?" என்று கேட்டாள். உங்களிடம் சொன்னால், "கையெழுத்தப் போட்டுக் குடுத்துரு ஏளா, பெரிய இடத்துல நமக்கு எதுக்கு வம்பு" என்கிறீர்கள்.

நான் சொல்லப்போவதற்கு நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. அங்கே கட்டட வேலையில் சாரம் சரிந்து நீங்கள் விழுந்தபோதும் இப்படித்தான் ஒரு தாளை நீட்டினார்கள். அந்தச் சாரம் ஆட்டம் காண்கிறது என்று போர்மேனிடம் முன்கூட்டியே சொன்னவர் நீங்கள். ஆனாலும் ‘என் கவனக்குறைவால் விழுந்தேன்’ என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கையெழுத்துப் போட்டீர்கள். வேலை போய்விட்டால் ஜெப்ஸி படிப்பு என்னாகும் என்றீர்கள். யாருக்காகப் போட்டீர்கள் என்று தெரிந்ததால்தான் இதுவரை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கும் அது தெரியும்.

இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். வெள்ளிக்கிழமை அவளோடு நானும் கல்லூரிக்குப் போகிறேன். நடந்ததை நடந்தபடி அவள் எழுதட்டும், அதன் கீழே என் பெயரை முழுசாக எழுதுகிறேன். ஒரு வருஷம் போனால் போகிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். போன் அடிக்கும்போதெல்லாம் அப்பாவா என்று அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். போனில் சொல்ல வேண்டாம், ஒரு காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புங்கள். நீ செய்தது சரி என்று எழுதினால் போதும். அன்று விழுந்ததிலிருந்து, பேனா பிடித்தால் உங்கள் வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன என்று எனக்குத் தெரியும். இடது கையால் கிறுக்கினாலும் அவள் படித்துவிடுவாள்.

கர்த்தர் உங்கள் கையைத் தாங்குவாராக.

உங்கள்
கிருபாபாய்